இன்னும் காயலை

தொடாதீங்கன்னு சொன்னேன்ல. விரலை எடுங்க தம்பி. பார்த்தா காஞ்ச மாதிரிதான் தெரியும். தொட்டீங்கன்னா உங்க ரேகை அப்படியே பதிஞ்சு நிக்கும். அப்புறம் அதுக்கும் என் வீட்டுக்காரருக்குத்தான் போன் போட்டுக் கத்துவீங்க. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. அது இல்ல, அதுல தின்னர் கொட்டியிருக்கு, பேன்ட் போயிடும். பக்கத்துல இருக்கே, அது.

ஷட்டரைத் திறக்க முடியாது. வெளிய லாரி போற ரோடு. ஒரு லாரி போனாப் போதும், அத்தனை புழுதியும் உங்க வண்டி மேல வந்து உக்காரும். வேர்க்கத்தான் செய்யும். நாங்க வருஷம் பூரா இதுக்குள்ளதான் இருக்கோம், ஒண்ணும் ஆகிடலை.

அவர் இல்ல. வெளிய போயிருக்காரு. எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க. இந்தக் கடையில உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறது நான், பட்டி பார்க்கிறது நான், வர்றவங்க வாயைத் தாங்குறதும் நான்தான். அவர் ஸ்ப்ரே பிடிப்பாரு, அவ்வளவுதான். போன மாசம் போன்ல நீங்க பேசினீங்களே, பெயிண்டடிக்கத் தெரியாதவன் எதுக்குடா கடை வச்சிருக்கேன்னு, அதையும் ஸ்பீக்கர்ல நான் கேட்டேன். டா போட்டுப் பேசினீங்க. அவருக்கு உங்க அப்பா வயசு இருக்கும்.

சரி விடுங்க. உங்க மாமனார் வண்டி புக்கை எடுத்துட்டு இங்கயே வர்றேன்னாரு. அவர் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாத்தானே வண்டி உங்களுது? அது வரைக்கும் இதுவும் காயட்டும். போனை எடுக்கலையா? நடந்து வந்துட்டு இருப்பாரு. போஸ்ட்மாஸ்டரா இருந்த மனுஷன், போனைச் சத்தமில்லாம வச்சுட்டு அப்புறம் மறந்துடுவாரு. இருங்க.

மூணு தடவைன்னு நீங்க சொல்றது சரிதான், நான் இல்லைங்கலை. நாங்க அடிச்ச பிறகு மூணு தடவை கொப்புளம் வந்துச்சு. ஏன் வந்துச்சுன்னு தெரியணும்னா சொல்றேன். ஆனா கேக்குறதுன்னா முழுசாக் கேக்கணும். பாதியில எழுந்திரிச்சா எனக்குப் பிடிக்காது.

அதுக்கெல்லாம் முன்னாடி வந்தது நிஜக் கொப்புளம். அதை மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. பின் சக்கரத்துக்கு மேலயும் கதவுக்கு அடியிலயும் பெயிண்ட் உப்பிக்கிட்டு வந்திருந்துச்சு. கதவுக்குள்ள போற மழைத்தண்ணி இறங்குறதுக்குக் கீழ ஓட்டை இருக்கும், அது அடைச்சுக்கிச்சு. தண்ணி உள்ளயே நின்னு, துரு பிடிச்சு, பெயிண்டை அடியிலேருந்து தூக்கிடுச்சு. வயசான வண்டிக்கு வர்றதுதான். உங்க மாமனார் அதைப் பத்திக் கவலைப்பட்டதே இல்ல. ஓடுது, போதும்னு ஓட்டிக்கிட்டிருந்தாரு. நீங்கதான் சொன்னீங்களாம், பொண்ணை அழைச்சுக்கிறேன், ஆனா அந்த வண்டியோட வரட்டும், வண்டி புதுசு மாதிரி இருக்கணும், கொப்புளம் போட்டதை ஓட்டிட்டுப் போனா ஆபீஸ்ல சிரிப்பாங்கன்னு.

சொன்னீங்கல்ல? சரி. கேட்டு வச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்.

அன்னைக்கு அவர் வண்டியை இங்க கொண்டு வந்து விட்டப்போ முகத்துல அவ்வளவு சந்தோஷம். மாப்பிள்ளை இறங்கி வந்துட்டாரும்மா, வண்டி ரெடியாச்சுன்னா அன்னைக்கே பொண்ணைக் கொண்டு போய் விட்டுட்டு வந்துடுவேன்னாரு. கல்யாணமான பொண்ணு வீட்டுல மாசக்கணக்கா உக்காந்திருக்கான்னு தெருவுல கேக்குறவங்களுக்குப் பதில் சொல்லி முடியலையாம். நாங்களும் நல்லபடியா செஞ்சோம். துருவைத் தகடு வரைக்கும் சுரண்டி எடுத்து, ஓட்டையில இருந்த அடைப்பை எடுத்து, பிரைமர் விட்டு, காயப்போட்டு, அப்புறம்தான் கலர். அந்த இடத்துல இன்னைக்கும் ஒரு பொட்டுக்கூட உப்பலை. வேணும்னா குனிஞ்சு பாருங்க. பார்த்தா மட்டும் போதும், கை வேண்டாம்.

வண்டியை எடுத்துட்டுப் போன அடுத்த வாரமே மனுஷன் திரும்பி வந்துட்டாரு. பானட் பூரா அம்மை போட்ட மாதிரி. இங்க, இதே ரோட்டுல நின்னு கத்தினாரு. ஈரத்து மேல அடிச்சிருக்கே, ஏமாத்திட்டே, உன்னை நம்பினேன் பாருன்னு. எதிர் டீக்கடையில உக்காந்திருந்தவங்க எல்லாம் எழுந்திரிச்சு வந்து வேடிக்கை பார்த்தாங்க.  என் வீட்டுக்காரர் உள்ள வந்து என்னைப் பிடிச்சாரு. துடைச்ச துணி ஈரமா இருந்துச்சா, நீ ஒழுங்காக் காயவச்சியான்னு. நான் பதிலுக்கு, உன் கம்ப்ரசர்ல தண்ணி நிக்குது, அதைப் பாக்கத் துப்பில்லை, என்னைச் சொல்ல வந்துட்டியான்னேன். அப்புறம் எங்க வீட்டுல பாத்திரச் சத்தம் மட்டும்தான்.

திரும்ப அடிச்சுக் குடுத்தோம். திரும்ப வந்துச்சு. இந்தத் தடவை பானட்டும் கூரையும். இவர் பெயிண்ட் விக்கிறவர்கிட்டப் போய்ச் சட்டையைப் பிடிச்சுட்டாரு. சின்ன வயசு சிநேகிதம் அது, ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சவங்க. கலப்படச் சரக்கைத் தள்ளிட்டியாடான்னு கேட்டுட்டாரு. அவர் அன்னைக்கு முகத்தைத் திருப்பினவர்தான், இன்னும் எங்க பக்கம் திரும்பலை. அடிக்கக் குடுத்திருந்த ரெண்டு பேரு வண்டியைத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க. இவர் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால உக்காந்துக்கிட்டுச் சோத்தைப் பார்த்துட்டே இருப்பாரு. ஒரு மனுஷனுக்குத் தெரிஞ்சதே ஒரு தொழில். அதுவும் தெரியலைன்னு அவரே நம்ப ஆரம்பிச்சுட்டாரு.

அப்பத்தான் நீங்க போன் பண்ணினீங்க.

உக்காருங்க, டீ சொல்லியிருக்கேன். இதோ பாருங்க, கடைக்காரரே குடுத்து விட்டுட்டாரு. பிடிங்க.

ரெண்டாவது தடவை பானட்டைத் தேய்க்கிறப்பத்தான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. துருவுல வர்ற கொப்புளம் அடியிலேருந்து கிளம்பும். பிச்சா உள்ள செங்கல் பொடி மாதிரி இருக்கும். இது அப்படி இல்ல. உள்ள தகடு கண்ணாடி மாதிரி சுத்தம். மேலேருந்துதான் எதுவோ தின்னிருக்கு. அதுவும் எப்படி, சரிவுல ஓடி, ஓரத்துல சொட்டி நின்ன தடம் அப்படியே இருக்கு. எதையோ ஊத்தியிருக்காங்க. பார்த்ததும் எனக்கு உச்சந்தலையில ஏறிடுச்சு. எவனோ எங்க பொழப்பைக் கெடுக்கிறான்னு. இவர்கிட்ட சொல்லலை. சொன்னா ஸ்பேனரைத் தூக்கிட்டுப் போவாரு. பாலிஷ் டப்பா ஒண்ணைக் கையில எடுத்துக்கிட்டு, வண்டி திரும்பி வந்ததும் துடைக்கக் குடுக்க வந்தேன்னு சொல்லிக்கலாம்னு உங்க மாமனார் வீட்டுக்குக் கிளம்பினேன்.

கதவைத் திறந்தது உங்க வீட்டம்மா. அம்மா இருக்காங்களான்னு கேட்டேன். பதிலே இல்ல. ஜன்னல் பக்கம் பார்த்துட்டு நிக்கிறா. படிச்ச பொண்ணு, கைல பெயிண்ட் கறையோட வந்தவளுக்கு எதுக்குப் பதில் சொல்லணும்னு நினைக்கிறா போலன்னு எனக்குச் சுருக்குன்னுச்சு. சத்தமா இன்னொரு தடவை கேட்டேன். தலையை இப்படித் திருப்பி, இந்தக் காதை என்கிட்டக் குடுத்து, என்னக்கா சொன்னீங்கன்னு கேட்டா.

அப்புறம் உக்கார வச்சு டீ குடுத்தா. நான் அவளுக்கு இடது பக்கம் உக்காந்திருந்தேன். அவ எழுந்திரிச்சு வந்து எனக்கு அந்தப் பக்கம் மாறி உக்காந்தா. நான் ஒண்ணுமே கேக்கலை. அவளாவே சொன்னா, பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேங்க்கான்னு. அடுப்பங்கரையில அவங்கம்மா ஒரு பாத்திரத்தை வச்ச வேகத்துல எனக்கே தூக்கிப் போட்டுச்சு.

என்ன தம்பி, டீ ஆறுது. கீழ என்ன பாக்குறீங்க? தரையில எல்லாம் பழைய பெயிண்ட்தான்.

உங்க மாமியார் அதிகம் பேசாத ஆள். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியாமலும் இருக்கலாம். நீங்க மாமனார்கிட்ட மட்டும்தானே பேசுவீங்க. அந்தம்மா என்னைக் கூட்டிட்டுப் போய் வீட்டுக்குப் பின்னால, துணி காயப்போடுற இடத்துல நிறுத்தினாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே, எதுக்கு வந்தேன்னு தெரியும், நான்தான் ஊத்தினேன்னாங்க.

ஆமா. உங்க மாமியார்தான். பிரேக் ஆயில். ஒரு காலத்துல உங்க மாமனார் ஊத்தும்போது ரெண்டு சொட்டு சிந்தி, மட்கார்டு உப்பிடுச்சாம். அதுக்கு அவரே அவரைத் திட்டிக்கிட்டாராம். அந்தம்மா அதை மனசுல வச்சிருந்திருக்காங்க. டிக்கியில கிடந்த பாட்டிலை எடுத்து, அவர் மத்தியானம் தூங்கும்போது, கரண்டியில மொண்டு ஊத்தியிருக்காங்க.

இருங்க. இருங்கன்றேன்ல. எங்க போறீங்க இப்ப? மாமனார் இங்கதானே வர்றாரு, வந்ததும் நேர்லயே கேளுங்க. உங்க பொண்டாட்டி இப்படிப் பண்ணியிருக்காங்களேன்னு சத்தம் போட்டே கேளுங்க. நான் குறுக்க வரலை. உக்காரு.

ஆமா, உக்காருன்னுதான் சொன்னேன். நீன்னு சொல்லிட்டேன். இனிமே அப்படித்தான் வரும் போலிருக்கு, பொறுத்துக்கோ. என் வீட்டுக்காரரை டான்னு சொன்னப்போ அவரும் பொறுத்துக்கிட்டாரு.

எனக்கும் அந்தம்மா மேல கோவம்தான் வந்துச்சு, நீ மட்டும்தான் கோவக்காரன்னு நினைக்காத. நல்லாக் கேட்டேன். உங்க வீட்டுச் சண்டைக்கு எங்க கூரையையா பிரிப்பீங்க, எங்க வீட்டு மனுஷன் சோறு தின்னு எத்தனை நாளாச்சு தெரியுமான்னு. அந்தம்மா மன்னிப்பெல்லாம் கேக்கலை. நிதானமாச் சொன்னாங்க. தெரியும். தெரிஞ்சேதான் பண்ணினேன். அழுது பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன், இவர் கேக்கலை. ஆம்பளைக்கு ஒரு கோவம் வர்றதுதான், பொண்ணுதான் அனுசரிக்கணும்ங்கிறாரு. இவளும் அப்பா மனசு நோகக் கூடாதுன்னு வாயைத் திறக்க மாட்டேங்கிறா. வண்டி ரெடியானா அனுப்பிடுவாரு. ரெடியாகாமப் பார்த்துக்கிறது ஒண்ணுதான் என் கையில இருக்கு. உங்க வீட்டுக்காரர் சாப்பிடாம இருக்காரு. என் பொண்ணுக்கு ஒரு காது கேக்காம இருக்கு. எது பெருசுன்னு நீங்களே சொல்லுங்கன்னாங்க.

 பாலிஷ் டப்பாவை அங்கயே வச்சுட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து இவர்கிட்டச் சொன்னேன். முதல்ல குதிச்சாரு. என் பேரைக் கெடுக்க அவங்க யாரு, போய் நாலு பேருக்கு முன்னால கேக்குறேன்னு செருப்பைக்கூட மாட்டிட்டாரு. மாட்டிட்டு வாசல்ல நின்னாரு. அப்புறம் திரும்பி, எந்தக் காதுன்னு கேட்டாரு. இடதுன்னேன். செருப்பைக் கழட்டி விட்டுட்டு வந்து, சோறு போடுன்னாரு. சாப்பிட்டு முடிச்சுட்டு, வண்டி திரும்ப வந்தா வரட்டும், நாம மெதுவாவே பண்ணுவோம்னாரு. அதுக்கு அப்புறம் நீ எத்தனை போன் போட்டாலும் அவர் வாயைத் திறக்கலை பாரு, பயம்னு நினைச்சியா?

அதையும் அடிச்சுக் குடுத்தோம், அந்தம்மா திரும்ப ஊத்திட்டாங்க. மூணாவது தடவை வண்டியைக் கொண்டு வர்றேன்னு உன் மாமனார் போன் பண்ணினாரு, காலையில வர்றேன்னு. மத்தியானம் ஆச்சு, ஆளைக் காணோம். அப்புறம் வந்தாரு. இதே ஸ்டூல்லதான் உக்காந்தாரு. கத்துவாருன்னு நான் தயாரா நின்னேன். மனுஷன் தண்ணி குடுங்கம்மான்னு கேட்டாரு. 

வீட்டுலேருந்து வண்டியைப் பின்னால எடுத்திருக்காரு. பொண்ணு வாசலைப் பெருக்கிட்டு, இவருக்கு முதுகைக் காட்டிட்டு நின்னிருக்கா. இவர் ஹாரன் அடிக்கிறாரு. நகரலை. நகரும்மான்னு கத்துறாரு. நகரலை. கண்ணாடியில பார்த்தா அவ பாட்டுக்குக் குனிஞ்சு குப்பையைத் தள்ளிட்டு இருக்கா. எதிர்த்த தெருவுல எவனோ கல்லு உடைக்கிற மெஷின் ஓட்டிட்டு இருந்திருக்கான். அந்த இரைச்சல்ல ஒத்தைக் காதுக்கு எதுவும் பிரிஞ்சு கேக்கலை போல. இவர் பிரேக்கை மிதிச்சப்போ வண்டி அவ புடவையில முட்டி நின்னிருக்கு. அவ நிதானமாத் திரும்பி, என்னப்பா கிளம்பலையான்னு கேட்டிருக்கா.

இறங்கி அப்படியே படியில உக்காந்துட்டாராம். அப்பத்தான் கேட்டிருக்காரு, பாத்ரூம்ல விழுந்தா காது போகுமாம்மான்னு. அவ சொல்லியிருக்கா. வெளிய பூட்டிட்டுத்தான்பா வேலைக்குப் போவாரு. அன்னைக்குச் சீக்கிரம் வந்துட்டாரு. நான் சித்தி பொண்ணுகிட்ட போன்ல சிரிச்சுப் பேசிட்டு இருந்தேன். போன் வச்சிருந்த காது மேலயே அடிச்சாருன்னு.

அப்படி இல்லையா? சரி, எப்படின்னு நீ சொல்லு. கதவு சாத்தியிருக்கு, நானும் நீயும்தான் இருக்கோம்.

 டீயையாவது குடி.

உன் மாமனார் அழலை. நான் அழுவாருன்னு நினைச்சேன். எம்மா, என் வீட்டுக்காரி இந்த வண்டிக்கு என்ன பண்ணினான்னு இன்னைக்குத்தான் சொன்னா, உங்களை நடுரோட்டுல பேசினதுக்கு நான் என்ன பண்ணணும்னு கேட்டாரு. இவர் உள்ளேருந்து வந்து, ஒண்ணும் பண்ண வேண்டாம் ஐயா, இப்ப வண்டியை அடிக்கவா வேண்டாமான்னு கேட்டாரு. அவர், நல்லா அடிங்க, இது வரைக்கும் அடிச்சதுலயே நல்லா அடிங்கன்னாரு. எனக்குப் புரியலை. எதுக்குங்கன்னு கேட்டேன்.

அவன் வண்டியோட வந்தாத்தான் அழைச்சுக்குவேன்னான்ல, வண்டியை மட்டும் அழைச்சுட்டுப் போகட்டும்னாரு.

புக்குல கையெழுத்துப் போட்டு அந்த டிராயர்ல வச்சுட்டுப் போயிட்டாரு. நேத்தே வந்து. இன்னைக்கு அவர் இங்க வரலை. வர்றாருன்னு நான் சும்மாதான் சொன்னேன். நீ நேரா வீட்டுக்குப் போனேன்னா பொண்ணு மறுபடி தலையைக் குனிஞ்சு கிளம்பிடுவாளோன்னு அந்தம்மாவுக்குப் பயம். மூணு பேரும் சாமானைக் கட்டி பஸ் ஏறுற வரைக்கும் பேச்சுக் குடுத்து உக்கார வைங்கன்னு கேட்டாங்க. எனக்குப் பேச யாராவது சொல்லித் தரணுமா? என் வீட்டுக்காரர்தான் மூட்டையைத் தூக்கிட்டுப் போயிருக்காரு. பஸ் கிளம்பிடுச்சுன்னு அவர் போன் பண்ணினது, இப்பத்தான் என் போன் அடிச்சு நின்னுச்சே, அதுதான்.

எந்த ஊர்னு எனக்குத் தெரியாது. சொல்ல வந்தாங்க, வேண்டாம்னுட்டேன். தெரிஞ்சா நீ கேக்குறப்ப வாய் தவறிடும். அங்க நல்ல காது டாக்டர் இருக்காராம், அது மட்டும் தெரியும்.

என்கிட்டக் கேட்டிருந்தா உனக்கு ஒரு டயரைக்கூடக் குடுத்திருக்க மாட்டேன். ஆனா அது அவர் வண்டி, அவர் இஷ்டம்.

எழுந்திரு. ஷட்டரைத் தூக்குறேன். சாவி வண்டியிலயே இருக்கு, புக்கு இந்தா. பெயிண்ட் காஞ்சுடுச்சு. ஒரு வாரத்துக்குத் தண்ணி ஊத்திக் கழுவாத.